எங்கட நாலு எம்பிமாரும் எதுக்கு வோட் போட்டாங்க: நீங்களே தேடிப் பாக்கிற வழி

பாராளுமன்றத்தில ஒரு எம்பி ஆவேசமாக் கதைக்கிற வீடியோ வட்ஸ்அப்ல வந்தா கிண்ணியாவில இருந்து நிலாவெளி வரைக்கும் அரை மணித்தியாலத்தில சுத்தி வந்திடும், ஆனா அண்டைக்குப் பின்னேரம் வாக்கெடுப்பு நடக்கக்குள்ள அதே ஆள் சபையில இருந்தவரா, இருந்தா எந்தப் பக்கம் வோட் போட்டவர் எண்டு தேடிப் பாக்கிற ஆக்கள் எங்கட திருகோணமலை மாவட்டத்தில நல்லாக் குறைவு. எனக்கு இது உண்மையாவே கவலையான விஷயம். சட்டம் நிறைவேறுறது வோட்டால. பேச்சுக்குக் கைதட்டிப்போட்டு வோட்டை விட்டா, அஞ்சு வருஷம் கழிச்சு அந்த ஆள் திரும்பி வாசலுக்கு வரக்குள்ள கேக்கிறதுக்கு எங்களிட்ட ஒண்டும் இருக்காது.

இப்பத்தான் வாக்காளர் இடாப்பில பேர் வந்த தம்பி தங்கச்சிமாருக்கும், இதுவரைக்கும் பாராளுமன்ற வெப்சைட் பக்கமே போகாத ஆக்களுக்கும் தான் இதை எழுதிறன். சட்டம் படிச்சிருக்கத் தேவையில்லை. ஒரு போன், ஒரு கொப்பி, கொஞ்சம் பொறுமை இருந்தாக் காணும்.

முதல்ல உங்கட எம்பி ஆரெண்டு சரியா எழுதி வையுங்க

இதென்ன கேள்வி எண்டு நினைப்பீங்க, ஆனா இதிலதான் கனபேர் பிழை விடுறாங்க. பாராளுமன்றத்தில மொத்தம் 225 பேர், அதில 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்கள்ல இருந்து தெரிவாகி வாறவங்க, மிச்சம் 29 பேர் தேசியப் பட்டியல், அதாவது நாடு முழுக்க எடுத்த வோட்டுக் கணக்குப்படி கட்சிகளுக்குக் கிடைக்கிற இடம். திருகோணமலை மாவட்டத்துக்கு 4 பேர். திருகோணமலை, மூதூர், சேருவில எண்டு மூண்டு தேர்தல் தொகுதி இருந்தாலும் தொகுதிக்கு ஒரு எம்பி எண்ட கதை இப்ப இல்லை, நாலு பேரும் முழு மாவட்டத்துக்கும் எம்பி தான். சம்பூரில இருக்கிற ஒரு தமிழ் அம்மா கந்தளாய் பக்கத்து எம்பியிட்டயும் கேக்கலாம், கிண்ணியாவில இருக்கிற ஒரு காக்கா தமிழரசுக் கட்சி எம்பியிட்டயும் கேக்கலாம், கோமரங்கடவல விவசாயியும் அப்பிடித்தான். எங்கட ஆள், அவங்கட ஆள் எண்டு பிரிச்சுப் பாத்துப் பழகிட்டம், அதால நாலில ஒண்டை மட்டும் கவனிச்சு மூண்டைக் கவனிக்காம விடுறம். கொப்பில நாலு பேரின்ர பேரையும் எழுதுங்க.

2024 நவம்பர் 14 தேர்தல்ல தெரிவானவங்க: தேசிய மக்கள் சக்தில அருண் ஹேமச்சந்திர, ரொஷான் அக்மீமன, ஐக்கிய மக்கள் சக்தில இம்ரான் மஹ்ரூப், தமிழரசுக் கட்சில சண்முகம் குகதாசன். பழைய வாக்கெடுப்புகளைப் பாக்கப் போறீங்க எண்டா அதுக்கு முந்தின பட்டியலும் வேணும். 2020ல வந்தவங்க இரா. சம்பந்தன், எம்.எஸ். தௌபீக், இம்ரான் மஹ்ரூப், கபில அத்துக்கோரள. சம்பந்தன் ஐயா 2024 ஜூன் 30ல இறந்த பிறகு அந்த இடத்துக்கு குகதாசன் வந்தவர், ஆகவே அந்தத் திகதிக்கு முந்தின வோட்டுக்கு அவரைக் கேக்கிறது சரியில்லை. எந்த வோட் நடந்த நாளில ஆர் எம்பியா இருந்தது எண்டதை முதல்ல பாத்திட்டுத்தான் மற்றது.

மாகாண சபை உறுப்பினர்களையும் இதே மாதிரிப் பாக்கலாமே எண்டு கேப்பீங்க. கிழக்கு மாகாண சபைட காலம் 2017 செப்டம்பர்ல முடிஞ்சது, அதுக்குப் பிறகு தேர்தலே நடக்கேல்லை. எங்கட பேரில வோட் போடுற ஆக்கள் எண்டு மேல மிஞ்சி இருக்கிறது இந்த நாலு பேர் தான்.

வாக்கெடுப்பு நடந்ததா எண்டு பாக்கிறது

ஒரு சட்டமூலம் சபைக்கு வந்தா உடனே எல்லாற்ற பேரும் பதிவாகும் எண்டு நினைக்காதீங்க. சபாநாயகர் கேப்பார், சார்பானவங்க ஓம் எண்டுவாங்க, எதிரானவங்க இல்லை எண்டுவாங்க, எந்தச் சத்தம் கூட எண்டு அவர் தீர்மானிச்சுச் சொல்லுவார், முடிஞ்சுது. இதில ஆர் என்ன சொன்னது எண்டு பேர் பதிவாகாது. பேப்பர்ல "வாக்கெடுப்பின்றி நிறைவேற்றம்" எண்டு ஒரு வரி வரும் பாருங்க, அதுக்கு இதுதான் அர்த்தம். ஆராவது எழும்பி வாக்கெடுப்பு வேணும் எண்டு கேட்டாத்தான் மணி அடிச்சு, வெளியில நிக்கிற எம்பிமாரை உள்ள கூப்பிட்டு, பட்டனை அழுத்தியோ பேரை வாசிச்சோ ஒவ்வொருத்தற்ற வோட்டும் பதிவாகும்.

குரல் வாக்கெடுப்பால எவ்வளவு குழப்பம் வரும் எண்டதுக்கு 2018 நவம்பர் 14ஐ நினைச்சுப் பாருங்க. மஹிந்த ராஜபக்சவைப் பிரதமரா வச்ச அரசாங்கத்துக்கு எதிரா வந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை சத்தத்துக்கும் தள்ளுமுள்ளுக்கும் நடுவில குரல் வாக்கெடுப்பில நிறைவேறினது எண்டு சபாநாயகர் கரு ஜயசூரிய அறிவிச்சார், 122 எம்பிமார் கையெழுத்து வச்ச கடிதமும் போனது, ஆனா ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை ஏற்கேல்லை. ஒருத்தர் ஒருத்தராப் பேர் சொல்லிப் பதிஞ்சிருந்தா இந்தச் சண்டைக்கே இடமில்லை.

அதால ஒரு சட்டம் வாக்கெடுப்பின்றிப் போயிருந்தா கொப்பில "பேர் இல்லை" எண்டு எழுதிட்டு, இன்னொரு கேள்வியையும் பக்கத்தில எழுதுங்க: எங்கட நாலு பேரில இதுக்கு எதிர்ப்பு எண்டு வெளியில சொல்லித் திரிஞ்ச ஆள் ஏன் வாக்கெடுப்புக் கேட்டு எழும்பேல்லை? என்ர அபிப்பிராயத்தில எதிர்த்து வோட் போடுறதைப் போலவே வாக்கெடுப்புக் கேக்கிறதும் பெரிய வேலை.

ஒரே ஒரு வோட்டில தொடங்குங்க

எல்லாத்தையும் ஒரேயடியாத் தேட வெளிக்கிட்டா ரெண்டு நாளில களைச்சுப்போய் விட்டிடுவீங்க. உங்கட வாழ்க்கையில படுற ஒரு சட்டத்தை எடுங்க. பயங்கரவாதத் தடைச் சட்டத்தால எங்கட மாவட்டத்தில எத்தினை குடும்பம் அலைஞ்சது எண்டு சொல்லித் தெரியத் தேவையில்லை, அந்தச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்து வோட் நடந்தது 2022 மார்ச் 22. பேஸ்புக்ல எழுதுற ஆள் எண்டா நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அது 2024 ஜனவரி 24. ஜனாதிபதிக்கு அதிகாரத்தைக் கூட்டின 20ஆவது திருத்தம் 2020 ஒக்டோபர் 22.

திகதி தான் திறப்பு. வீரகேசரி, தினக்குரல், தமிழ்மிரர் மாதிரி ஏதாவது ஒண்டில சட்டத்தின்ர பேரையும் "வாக்கெடுப்பு" எண்ட சொல்லையும் போட்டுத் தேடினா எண்டைக்கு நடந்தது, சார்பா எத்தினை, எதிரா எத்தினை எண்டு வந்திடும். செய்தி வந்த திகதியை எடுக்காதீங்க, அமர்வு நடந்த திகதியை எடுங்க, பெரும்பாலும் ஒரு நாள் வித்தியாசம் இருக்கும். பாராளுமன்றம் வழக்கமா மாதத்தின்ர முதலாம், மூண்டாம் கிழமைகள்ல செவ்வாய் தொடக்கம் வெள்ளி வரைக்கும் கூடும், நீங்க எடுத்த திகதி ஞாயிற்றுக்கிழமையில விழுந்தா திரும்பப் பாருங்க.

ஹன்சாட்டைத் திறக்கிறது

பாராளுமன்ற வெப்சைட் மூண்டு மொழியிலயும் இருக்கு, தமிழைத் தெரிவு செய்யுங்க. அதில ஹன்சாட் எண்ட பகுதிக்குப் போய் உங்கட திகதியை எடுத்தா ஒரு பிடிஎஃப் வரும். சபையில நடந்த ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகிற அதிகாரபூர்வ அறிக்கை அதுதான். முன் பக்கத்தில "பிழை திருத்தப்படாதது" எண்டு போட்டிருந்தா அது முதல் பதிப்பு, பிறகு திருத்தின பதிப்பு வரலாம், அதையும் கொப்பில குறிச்சுக்கொள்ளுங்க. அளவு பெரிசு, டேட்டா குறைவா இருந்தா வைஃபை இருக்கிற இடத்தில இறக்குங்க.

உள்ள போனதும் கொஞ்சம் பயம் வரும். ஹன்சாட் பேசின மொழியிலயே அச்சாகும், ஆகவே பெரும்பகுதி சிங்களம், இடையில தமிழ், இடையில இங்கிலீஷ். சேர்ச் பெட்டியில பேரைப் போட்டா கனக்க நேரம் வராது, எழுத்துரு பிரச்சினை. வாக்கெடுப்பு பெரும்பாலும் விவாதம் முடியிற இடத்தில தான் இருக்கும், அதால பின்பக்கத்தில இருந்து மேல தள்ளிக்கொண்டு வாங்க, நீளமாப் பேர் மட்டும் வரிசையா வாற பக்கம் கண்ணில படும். சிங்களம் வாசிக்கத் தெரியாட்டி கூகுள் லென்ஸ் ஓரளவு உதவும், ஆனா பேர் விஷயத்தில அதை மட்டும் நம்பாதீங்க. சேருவிலவிலயோ கந்தளாயிலயோ உங்களோட படிச்ச, வேலை செய்யிற சிங்கள ஆக்கள் இருப்பாங்க தானே, அவங்களிட்ட அந்த ஒரு பக்கத்தைக் காட்டுங்க. அவங்களுக்கும் அதே நாலு எம்பி தான், அவங்களுக்கும் இது தெரிய வேண்டிய விஷயம். தமிழ்ப் பேச்சை அவங்களுக்கு நீங்க வாசிச்சுச் சொல்லுங்க. மொழி தெரிஞ்ச ரெண்டு பேர் சேர்ந்தா இந்த வேலை அரைவாசியாக் குறையும், எங்கட மாவட்டத்தில அதுக்கு ஆள் பஞ்சமில்லை.

பேர்ப் பட்டியல் கிடைச்சதும் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுங்க, திகதியும் பக்க எண்ணும் தெரியிற மாதிரி. பிறகு யூடியூப்பில பாராளுமன்றத்தின்ர அமர்வு வீடியோ இருந்தா வாக்கெடுப்பு நேரத்தைத் தேடிப் பாத்து ஒத்துப் பாக்கலாம். மந்திரி டொட் எல்கே எண்டு ஒரு தளமும் இருக்கு, வெரிட்டே ரிசேர்ச் நிறுவனம் நடத்துறது, ஹன்சாட்டை வச்சு எம்பிமார் எவ்வளவு பங்கெடுக்கிறாங்க எண்டு தரவரிசை போடும். தொடக்கத்துக்கு நல்லது. ஆனா கூடப் பேசின எம்பி எண்டதும் உங்களுக்குப் பிடிச்ச பக்கம் வோட் போட்ட எம்பி எண்டதும் ரெண்டு வேற கணக்கு, அதை மறக்காம இருங்க.

பட்டியல்ல பேரே இல்லாட்டி

இதில கொஞ்ச நேரம் நிண்டு கதைக்கோணும், ஏனெண்டா உண்மையான கதை இங்கதான் கிடக்கு.

பயங்கரவாதத் தடைச் சட்டத் திருத்தத்துக்கு 2022 மார்ச் 22ல சார்பா 86, எதிரா 35. கூட்டினா 121. சபையில 225 பேர். நூறு பேருக்கு மேல அந்த வோட்டில இல்லை! எங்கட சனத்தை ஆண்டுக்கணக்கா வாட்டின ஒரு சட்டத்தைப் பத்தின வாக்கெடுப்பு அது. நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு 108க்கு 62, கூட்டினா 170, அம்பது பேருக்கு மேல இல்லை. எதிர்க்கிறம் எண்டு வெளியில சொன்ன கட்சிகள்ல இருந்து எத்தினை பேர் வந்து எதிரா வோட் போட்டாங்க எண்டு நீங்களே எண்ணிப் பாருங்க.

அதால உங்கட கொப்பில ரெண்டு பெட்டி போதாது, நாலு வேணும்: சார்பு, எதிர், வோட் போடாம தவிர்த்தது, அண்டைக்குச் சபைக்கே வராதது. கடைசி ரெண்டையும் ஒண்டாப் போடாதீங்க. காலையில வந்து கையெழுத்து வச்சு, பேசிப்போட்டு, வாக்கெடுப்பு மணி அடிக்கக்குள்ள இல்லாமப்போற ஆள் வேற, வருத்தத்தில ஆஸ்பத்திரியில கிடந்த ஆள் வேற. அண்டைய வருகையையும், அண்டைய ஹன்சாட்டில அந்த எம்பி பேசி இருக்கிறாரா எண்டதையும் பாத்தா இந்த வித்தியாசம் தெரியும். தலைமை தாங்கிற சபாநாயகருக்கு முதல்ல வோட் இல்லை, ரெண்டு பக்கமும் சமனா வந்தாத்தான் அவருக்கு வோட், ஆகவே அவரை இந்தக் கணக்கில இருந்து விட்டிடுங்க.

சம்பந்தன் ஐயாவின்ர கடைசி வருஷங்களைப் பாத்தா வயசாலும் வருத்தத்தாலும் அவரால பல அமர்வுக்குப் போக ஏலாமத்தான் இருந்தது. அதை ஒளிஞ்சுகொண்டார் எண்டு எழுதினா அநியாயம். அதே நேரம், நாலு வோட் மட்டும் இருக்கிற ஒரு மாவட்டத்தில ஒரு கதிரை மாதக்கணக்கா வெறுமையா இருந்தா அது சனத்துக்கு நட்டம் எண்டதும் உண்மை, அந்தக் கேள்வியைக் கட்சிகளிட்டக் கேக்கிறது மரியாதைக் குறைவில்லை. அரசியலமைப்புப்படி பாராளுமன்றத்தின்ர அனுமதி இல்லாம தொடர்ந்து மூண்டு மாதம் வராட்டி ஆசனம் பறிபோகும், லீவு கேட்டு எடுத்தா போகாது. லீவுப் பிரேரணையும் ஹன்சாட்டில வரும்.

இன்னொண்டு, அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மொத்த உறுப்பினர்ல மூண்டில ரெண்டு வேணும், அதாவது 150. அங்க வராம விடுறவரும் எதிரா வோட் போட்ட கணக்குத்தான், ஏனெண்டா 150 சேரோணும். 20ஆவது திருத்தத்துக்குச் சார்பா 156, எதிரா 65. எதிர்க்கட்சிப் பக்கத்தில தெரிவான எட்டுப் பேர் அரசாங்கத்தோட சேர்ந்து போட்டாங்க, அந்த எட்டையும் கழிச்சுப் பாருங்க, 148. அந்த எட்டில ஒருத்தர் எங்கட மாவட்டத்தில ஐக்கிய மக்கள் சக்திப் பட்டியல்ல வந்த முஸ்லிம் காங்கிரஸ் எம்பி தௌபீக். கட்சி எதிரா நிண்டது, அவர் சார்பாப் போட்டார். அது சரியா பிழையா எண்டு நான் இதில தீர்ப்புச் சொல்ல வரேல்லை, அவருக்கு வோட் போட்ட மூதூர், கிண்ணியா ஆக்கள் அதைத் தெரிஞ்சு வச்சுக்கொண்டு அடுத்த தேர்தலுக்குப் போனாங்களா எண்டது தான் என்ர கேள்வி.

எதுக்கு வோட் எண்டதைப் பிழையா விளங்கிக்கொள்ளாதீங்க

சார்பு எண்டா எப்பவும் அரசாங்கத்துக்குச் சார்பு எண்டு இல்லை. 2024 மார்ச் 21ல அப்போதைய சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தனவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது, நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்க்காமலே அவர் கையெழுத்து வச்சார் எண்டது முக்கியமான குற்றச்சாட்டு. பிரேரணைக்குச் சார்பா 75, எதிரா 117. இங்க "எதிர்" எண்டு போட்டவர் சபாநாயகரைக் காப்பாத்தினவர். பிரேரணையின்ர வசனத்தை வாசிக்காம பட்டியலை மட்டும் பேஸ்புக்ல போட்டா ஆளை மாத்தி ஏசுற நிலைமை வரும்.

சட்டமூலம் எண்டா இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூண்டாம் வாசிப்பு எண்டு படிகள் இருக்கு. இரண்டாம் வாசிப்பு வோட் தான் அந்தச் சட்டத்தின்ர அடிப்படைக்கு ஓமா இல்லையா எண்டது. குழுநிலையில வசனம் வசனமாத் திருத்தம் வரும், பெரிய மாற்றம் எல்லாம் அங்க இரவில அவசரம் அவசரமா நடக்கும், அதால அந்தப் பகுதியையும் ஒருக்காத் தட்டிப் பாருங்க. வரவு செலவுத் திட்டத்துக்கு இரண்டாம் வாசிப்பிலயும் மூண்டாம் வாசிப்பிலயும் வெவ்வேற மாதிரி வோட் போடுற கட்சியும் இருக்கு, ரெண்டையும் எழுதுங்க. ஒத்திவைப்புப் பிரேரணை எண்டா விவாதம் மட்டும், முடிவில வோட் இருக்காது.

இரகசிய வாக்கெடுப்பு வேற கதை. 2022 ஜூலை 20ல ஜனாதிபதியைப் பாராளுமன்றம் தெரிவு செய்தது, ரணில் விக்ரமசிங்கவுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அனுர குமார திசாநாயக்கவுக்கு 3. ஆர் ஆருக்குப் போட்டது எண்டு எந்தப் பதிவிலயும் இல்லை. அண்டைக்கு எங்கட எம்பி இவருக்குப் போட்டவர் எண்டு ஆராவது பட்டியல் அனுப்பினா அது ஊகம், ஃபோர்வேர்ட் பண்ணாதீங்க.

சில பெரிய விஷயம் வோட்டுக்கு வாறதே இல்லை. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள், மொத்தம் 99, அதுக்கான 2022 ஜனவரி ஒப்பந்தம் அமைச்சரவை வழியால போனது. அப்பிடிப்பட்ட விஷயத்துக்கு எம்பிமார் கேட்ட கேள்விகளைத் தேடுங்க. வாய்மூல விடைக்கான வினாக்கள் ஹன்சாட்டின்ர முன்பகுதியில வரும். நாலு பேரில ஆர் கேட்டது, அமைச்சர் என்ன சொன்னார், அதோட விட்டிட்டாரா திரும்ப எழும்பிக் கேட்டாரா எண்டு பாருங்க.

கட்சி சொன்னதா, ஆள் நினைச்சதா

எங்கட நாட்டில எம்பி தனிச்சு முடிவெடுக்கிறது கஷ்டம். கட்சி ஒரு ஆளை வெளியேத்தினா ஒரு மாதத்துக்குள்ள அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போகாட்டியோ, போயும் தோத்தாலோ ஆசனம் போகும். 2022ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்குக் கட்சி முடிவை மீறிச் சார்பா வோட் போட்டதுக்கு மட்டக்களப்பு எம்பி நசீர் அஹமட்டை முஸ்லிம் காங்கிரஸ் வெளியேத்தினது, 2023 ஒக்டோபர்ல உயர் நீதிமன்றம் அதைச் சரி எண்டு சொன்னது, அமைச்சரா இருந்தவர் ஆசனத்தை இழந்தார். அதால ஒரு வோட்டைப் பாக்கக்குள்ள கட்சி என்ன முடிவெடுத்தது எண்டதையும் பக்கத்தில எழுதுங்க. கட்சியோட சேர்ந்து போட்டிருந்தா கேள்வி கட்சிக்கும் போகோணும், மீறிப் போட்டிருந்தா அந்த ஆளிட்டத்தான் முதல்ல கேக்கோணும்.

கேக்கிற விதம்

கொப்பில நாலஞ்சு வோட் சேர்ந்த பிறகு கேளுங்க. ஒண்டை வச்சுக்கொண்டு ஓடினா "அண்டைக்கு எனக்குச் சுகமில்லை" எண்ட ஒரு வசனத்தோட கதை முடிஞ்சிடும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் கச்சேரியில நடக்கக்குள்ள எம்பிமார் வருவாங்க தான், ஆனா அங்க ரோட்டு, தண்ணி, காணிப் பிரச்சினை தான் ஓடும், வோட்டைப் பத்திக் கேக்கிற இடம் அது இல்லை. கட்சி ஓஃபிஸுக்கு நேராப் போறது, கூட்டம் முடியக் கிட்டப் போய்க் கேக்கிறது, எழுத்தில அனுப்புறது இந்த மூண்டும் சரி. நான் எழுத்தைத் தான் சொல்லுவன், ஏனெண்டா பதில் வராட்டியும் அனுப்பினதுக்கு ஆதாரம் இருக்கும்.

நேரில எண்டா ரெண்டு மூண்டு பேராப் போங்க, மரியாதையாக் கேளுங்க. "சேர், நாங்க உப்புவெளியில இருந்து வாறம், இந்தத் திகதி வாக்கெடுப்பில உங்கட பேர் ரெண்டு பக்கத்திலயும் இல்லை, அண்டைக்குக் காலையில நீங்க சபையில பேசி இருக்கிறீங்க, பின்னேரம் வோட் போடாததுக்கு என்ன காரணம் எண்டு சொல்லுவீங்களா?" இவ்வளவு தான். ஹன்சாட் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையில வச்சிருந்தா அவரால கதையை வேற பக்கம் திருப்பேலாது.

கடிதம் எண்டா இப்பிடி:

"கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு, நான் திருகோணமலை மாவட்ட வாக்காளர். ..... ஆம் திகதி ..... சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு மீதான வாக்கெடுப்பில் தாங்கள் சார்பாக / எதிராக வாக்களித்துள்ளதாக / வாக்களிக்கவில்லை என அன்றைய ஹன்சாட் அறிக்கையின் ..... ஆம் பக்கத்தில் காணப்படுகிறது. அதற்கான காரணத்தை எழுத்தில் அறியத்தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

ஒரு கடிதத்தில ஒரு வோட். ரோட்டுப் போட்டுத் தாங்கோ, மகனுக்கு வேலை எடுத்துத் தாங்கோ எண்டதை அதில சேர்க்காதீங்க, சேர்த்தா அதுக்குத்தான் பதில் வரும். பதிவுத் தபாலில அனுப்பி ரிசீட்டைக் கொப்பில ஒட்டுங்க. நாலு பேருக்கும் ஒரே கடிதம் அனுப்புறது நல்லது, ஒரு ஆளை மட்டும் குறி வச்ச மாதிரித் தெரியாது. அரசாங்கப் பக்க எம்பிக்கும் எதிர்க்கட்சி எம்பிக்கும் ஒரே அளவுகோல் தான்.

வந்த பதிலைப் போஸ்ட் போடுறது எண்டா முழுசாப் போடுங்க, நடுவில வெட்டாதீங்க. ஹன்சாட் பக்கத்தின்ர படம் இல்லாம ஆற்ற வோட்டைப் பத்தியும் எழுதாதீங்க. எம்பிமாரின்ர படத்தை அடுக்கி "துரோகிகள்" எண்டு தலைப்புப் போட்டு வாற பட்டியல்கள்ல சிலதில அந்த நாளில எம்பியாவே இல்லாத ஆள்ற பேரும் இருக்கும். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றைப் பத்தினது எண்டதையும் நினைவில வையுங்க, பக்க எண்ணோட எழுதினா உங்களிட்ட ஆதாரம் இருக்கும்.

தகவலே கிடைக்காட்டி

தேடியும் பதிவு கிடைக்காத நேரம் வரும், வருகை விபரம் வேணும் எண்டு இருக்கும், ஒரு குழுவில உங்கட எம்பி எத்தினை கூட்டத்துக்குப் போனவர் எண்டு தெரியோணும் எண்டு இருக்கும். அதுக்கு 2016ஆம் ஆண்டின்ர 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, 2017 பெப்ரவரி 3ல இருந்து நடைமுறையில. பாராளுமன்றமும் அதுக்குள்ள வரும். பாராளுமன்றத்தின்ர தகவல் அலுவலருக்குத் தமிழிலயே எழுதலாம், ஏன் வேணும் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. "எல்லா விபரமும் தாங்க" எண்டு எழுதினா இழுபடும், "இந்தத் திகதியில இருந்து இந்தத் திகதி வரைக்கும் இந்த நாலு உறுப்பினரின் வருகை" எண்டு குறுக்கிக் கேளுங்க. கிடைச்சது எண்டு ஒரு எழுத்து வாங்கி வையுங்க.

14 வேலை நாளுக்குள்ள தருவமா மாட்டமா எண்டு முடிவு சொல்லோணும். பாராளுமன்றச் சிறப்புரிமை, அதாவது சபைக்கும் எம்பிமாருக்கும் இருக்கிற விசேட உரிமை, எண்டு சொல்லி மறுக்கிறதுக்கு அந்தச் சட்டத்தில ஒரு இடம் இருக்கு, அப்பிடி மறுத்தா எந்தப் பிரிவின் கீழ மறுக்கிறீங்க எண்டு எழுத்தில கேளுங்க. மறுப்பு வந்தாலோ பதிலே இல்லாட்டியோ 14 நாளுக்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் மூண்டு கிழமைக்குள்ள முடிவு தரோணும். அதிலயும் சரிவராட்டி ரெண்டு மாதத்துக்குள்ள கொழும்பில இருக்கிற தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு எழுதுங்க. அதோட முதல் விண்ணப்பம், தபால் ரிசீட், வந்த பதில், மேன்முறையீடு நாலின்ர போட்டோ கொப்பியையும் இணைச்சு அனுப்புங்க, மூலப் பிரதியை ஒருக்காலும் குடுக்காதீங்க.